படைப்பும் பங்கும்

நுழையும்முன்

வானொலியில் ஒரு திரைப்பாடல் ஒலிக்கிறது. கேட்பவர் மகிழ்கிறார், ஒலிபரப்பும் நிறுவனம் விளம்பரத்தால் வருவாய் ஈட்டுகிறது. அப்பாடலை எழுதிய கவிஞருக்கும், இசையமைத்தவருக்கும், பாடியவருக்கும் அவ்வருவாயில் பங்கு உண்டா? இவ்வினாவுக்கு இந்தியச் சட்டம் அளித்த விடை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றையும் காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு பாடல், பல உரிமைகள்

நிலமும் வீடும் கண்ணுக்குப் புலனாகும் சொத்துகள். கவிதை, கதை, இசை, ஓவியம் போன்றவை அறிவின் உழைப்பால் உருவாகும் சொத்துகள். இவற்றை நகலெடுக்கவும், வெளியிடவும், பொதுமக்களிடம் கொண்டு செல்லவும், பிற வடிவங்களுக்கு மாற்றவும் படைத்தவருக்குச் சட்டம் வழங்கும் தனியுரிமையே பதிப்புரிமை. ஒரு படைப்பு பயன்படுத்தப்படும்போது அதற்கு ஈடாகப் படைத்தவருக்குக் கிடைக்கும் பங்குத்தொகையை உரிமத்தொகை என்பர். ராயல்டி என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது.

கேட்பவருக்கு ஒரு திரைப்பாடல் ஒன்றாகவே தோன்றும். சட்டத்தின் பார்வையில் அது பல அடுக்குகளைக் கொண்டது. பாடலின் சொற்கள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பாடகர் பாடுவது நிகழ்த்துகை. அது பதிவு செய்யப்படும்போது ஒலிப்பதிவு என்னும் மற்றொரு படைப்பு தோன்றுகிறது. படத்தின் கதை, திரைக்கதை, உரையாடல் ஆகியனவும் இலக்கியப் படைப்புகளே. இவையனைத்தையும் தன்னுள் கொண்ட திரைப்படம் தனியொரு படைப்பு. தொலைக்காட்சித் தொடரும் காட்சிப்பதிவு என்னும் வகையில் இதனுள் அடங்கும். திரைப்படத்தைப் பொறுத்தவரை, பொருளிட்டு அதனை உருவாக்கும் தயாரிப்பாளரையே இந்தியச் சட்டம் அதன் ஆக்கியோனாகக் கொள்கிறது.

பாரதி பாடல்களின் பயணம்

உரிமைகள் எவ்வாறு பிரிந்து கைமாறும் என்பதற்குப் பாரதியாரின் பாடல்களே சான்று. பாரதியார் 1921ஆம் ஆண்டு மறைந்தார். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. தம் பாடல்கள் திரையில் ஒலிக்கும் காலம் ஒன்று வரும் என்றோ, அதற்கு ஒரு விலை இருக்கும் என்றோ அவர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அவர் மறைவுக்குப்பின் குடும்பத்தின் வறுமையால் அவருடைய படைப்புகளின் உரிமை கைமாறியது. பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமை தனியே ஒரு வணிகரிடம் சென்றது; பின்னர்த் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பரை அடைந்தது. அவர் தயாரித்து 1947ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் இடம்பெற்று மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமை குறித்த வழக்கு எழுந்தது. மக்கள் கவியின் பாடல்கள் தனியொருவரின் உடைமையாக இருக்கலாமா என்ற கேள்வி தமிழகமெங்கும் ஒலித்தது. 1949ஆம் ஆண்டு, ஓமந்தூர் இராமசாமி முதல்வராக இருந்தபோது சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாக்கப்பட்டன.

பாரதியின் பாடல்கள் பொதுவுடைமையானது அரிய நிகழ்வு. ஆனால், அதற்கு முன்னர் நடந்தது எல்லாக் கலைஞர் வாழ்விலும் நடக்கக்கூடியது. ஒரு படைப்பின் உரிமை விற்கப்படும் நாளில் அதன் உண்மையான மதிப்பை எவரும் அறிவதில்லை. பின்னாளில் எந்தெந்த ஊடகங்கள் தோன்றும் என்பதும் தெரிவதில்லை. மதிப்பு பெருகும் காலத்தில் உரிமை வேறொருவர் கையில் இருக்கிறது.

1957ஆம் ஆண்டுச் சட்டமும் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

விடுதலை பெற்ற இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. படைப்பின் முதல் உரிமையாளர் அதனைப் படைத்தவரே என்பது அதன் பொதுவிதி. எனினும், ஒருவர் பொருள் கொடுத்துக் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு திரைப்படம் உருவாக்கப்பட்டால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பொருள் கொடுத்தவரே அதன் முதல் உரிமையாளர் என்றும் அச்சட்டம் கூறியது.

திரைப்பாடல்களுக்கு இவ்விதி எவ்வாறு பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் உறுப்பினராக உள்ள இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது திரையிசையைப் பொதுவில் பயன்படுத்துவோருக்கான கட்டணங்களை அறிவித்தது. திரைத்துறை அமைப்புகள் அதனை எதிர்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் படத்திற்கென ஊதியம் பெற்றுப் பணியாற்றியிருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆவார் என்று 1977ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்புடன் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பை இணைத்தார். இசைக்கு உயிரூட்டும் பாடகருக்கு இந்தியச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாத குறையை அவர் அதில் சுட்டிக்காட்டினார். அக்குறையைச் சட்டமன்றங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நிகழ்த்துநர் உரிமை

எழுதுவது மட்டுமே படைப்பு என்று கருதிய சட்டத்தில், பாடுபவருக்கும் நடிப்பவருக்கும் இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே இந்தியாவில் நிகழ்த்துநர் உரிமைக்கு முறையான வடிவம் தந்தது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடற்கலைஞர் ஆகியோருடன் கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் ஆகியோரையும் நிகழ்த்துநர் என்று சட்டம் வகைப்படுத்துகிறது. அரண்மனை மேடையில் பாடுபவரையும் தெருவோரத்தில் வித்தை காட்டுபவரையும் சட்டம் ஒரே வரிசையில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. தொடக்கத்தில் 25 ஆண்டுகளாக இருந்த இவ்வுரிமையின் காலம், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 ஆண்டுகளாக உயர்ந்தது.

ஆயினும் ஒரு பெரிய இடைவெளி எஞ்சியது. தம் நிகழ்த்துகையைத் திரைப்படத்தில் சேர்க்க ஒருவர் இசைவளித்துவிட்டால், அதன்பின் அவ்வுரிமையைக் கோர இயலாது என்பது அன்றைய விதி. பெரும்பாலான பாடகர்களும் நடிகர்களும் பணியாற்றுவது திரைத்துறையில்தான். ஆகவே, யாருக்கு இவ்வுரிமை மிகுதியும் தேவைப்பட்டதோ அவர்களுக்கு அது எட்டாமலே இருந்தது.

விட்டுக்கொடுக்க இயலாத உரிமை

2012ஆம் ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்தம் இந்நிலையை மாற்றியது. கவிஞரும் திரைக்கதை ஆசிரியருமான ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து இத்திருத்தத்திற்காகக் குரல் கொடுத்தவர். ஜூன் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் இன்றியமையாத கூறுகள் வருமாறு:

1. திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்புகளை ஆக்கியவர், திரையரங்கில் படத்துடன் காட்டப்படுவது தவிர்ந்த பிற பயன்பாடுகளுக்கு, உரிமை பெற்றவருடன் சமமாகப் பகிரும் உரிமத்தொகையைப் பெறுவார்.

2. அவர் இவ்வுரிமையைப் பிறருக்கு எழுதிக்கொடுக்கவோ துறக்கவோ இயலாது. சட்டப்படியான வாரிசுகளுக்கும் உரிமத்தொகையை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்திற்கும் மட்டுமே மாற்றித் தரலாம். இதற்கு மாறான ஒப்பந்தம் செல்லாது.

3. ஒப்பந்தம் செய்யும் காலத்தில் இல்லாத ஊடகத்திற்கு, அவ்வூடகம் ஒப்பந்தத்தில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, அவ்வொப்பந்தம் பொருந்தாது.

4. திரைப்படத்தில் சேர்க்க எழுத்து வழியே இசைந்த பின்னரும், தம் நிகழ்த்துகை வணிக நோக்கில் பயன்படுத்தப்பட்டால் நிகழ்த்துநர் உரிமத்தொகை பெறும் தகுதியுடையவர்.

சமப்பங்கு என்பதை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பாடலின் சொல்லுக்கும் இசைக்குமாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பின் வழியே 100 ரூபாய் கிடைக்கிறது எனக் கொள்வோம். அதில் 50 ரூபாய் உரிமை பெற்றவருக்கு உரியது. எஞ்சிய 50 ரூபாய் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது.

தமக்குரியதைத் தாமே விட்டுக்கொடுப்பதைச் சட்டம் ஏன் தடுக்க வேண்டும் என்னும் ஐயம் இங்கு எழலாம். முதல் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளம் பாடலாசிரியரின் நிலையை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர்முன் ஒப்பந்தம் நீட்டப்படுகிறது. கையெழுத்திட மறுத்தால் வாய்ப்பு மற்றொருவருக்குச் செல்லும். விட்டுக்கொடுக்க முடிந்த உரிமையாக இருந்தால், அதனை விட்டுக்கொடுக்குமாறு ஒவ்வோர் ஒப்பந்தமும் கேட்கும். விட்டுக்கொடுக்கவே முடியாது என்று சட்டம் வகுத்துவிட்டால், அதனைக் கேட்பதில் பயனில்லை. வலிமை குறைந்தவரின் கையெழுத்து அவருக்கே எதிராகத் திரும்பாமல் இவ்விதி காக்கிறது.

தயாரிப்பாளரின் நிலையையும் இத்திருத்தம் மறக்கவில்லை. படம் வெற்றி பெற்றாலும் தோல்வியுற்றாலும் முதலீட்டின் சுமை அவரையே சாரும். அதனால்தான் திரையரங்கக் காட்சி இப்பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டுள்ளது.

பெயரும் பெருமையும்

உரிமை பணத்தோடு முடிவதில்லை. ஒரு படைப்பு தம்முடையது என்று அறியப்படுவதும், தம் நற்பெயருக்குக் கேடு விளையும் வகையில் அது சிதைக்கப்படாமல் காப்பதும் படைத்தவரின் அறவுரிமைகள். பதிப்புரிமையை விற்ற பின்னரும் ஆக்கியோனிடம் இவை நிலைத்திருக்கும். ‘ஆப் கா பண்டி’ என்னும் இந்தி நாவல் படமாக்கப்பட்டபோது, தம் கதை சிதைக்கப்பட்டதாக அதன் ஆசிரியர் மன்னு பண்டாரி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 1986ஆம் ஆண்டு எழுத்தாளரின் அறவுரிமையை வலியுறுத்தியது. நிகழ்த்துநருக்கும் இவ்வறவுரிமைகளை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. கால அளவுக்கேற்பப் பதிவைச் சுருக்குவது போன்ற இயல்பான தொகுப்புப் பணிகள் சிதைவாகக் கருதப்படுவதில்லை.

கூடிப் பெறும் உரிமை

ஒரு பாடல் எந்த ஊரில், எந்த விடுதியில், எந்த வானொலியில் ஒலிக்கிறது என்று தனியொரு கவிஞர் தேடிச் செல்ல இயலாது. இச்சிக்கலை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டுக் கலைஞர்கள் உணர்ந்தனர். 1847ஆம் ஆண்டு பாரிசு நகரின் உணவகம் ஒன்றில் பாடலாசிரியர் எர்னஸ்ட் பூர்ழே அமர்ந்திருந்தார். அங்கே அவருடைய பாடல் அனுமதியின்றி இசைக்கப்பட்டது. பாடலுக்கு உணவகம் பணம் தராதபோது, தாம் அருந்தியதற்குத் தாமும் பணம் தர இயலாது என்று அவர் மறுத்தார். அதனைத் தொடர்ந்த வழக்கில் படைப்பாளர் பக்கம் வெற்றி கிட்டியது. 1851ஆம் ஆண்டு இசைப் படைப்பாளர்களுக்கான சங்கம் அங்கு உருவானது. உறுப்பினர் சார்பில் உரிமம் வழங்கித் தொகையைத் திரட்டிப் பகிர்ந்தளிக்கும் முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் பாடகர்களுக்கென இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் 2013ஆம் ஆண்டு பதிவு பெற்றது. பதிப்புரிமைச் சங்கங்களின் ஆட்சிக்குழுவில் படைப்பாளரும் உரிமையாளரும் சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும் என்பதும் இன்றைய விதி.

தெரிந்து தெளிவோம்

கல்வி நிலையத்தின் நிகழ்ச்சியில் மாணவரும் ஆசிரியரும் ஒரு பாடலைப் பாடுவது, பார்வையாளர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்ற தொடர்புடையோராக மட்டும் இருப்பின், உரிமை மீறல் ஆகாது. இலக்கிய, இசைப் படைப்புகளின் பதிப்புரிமை, படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். அதன்பின் அப்படைப்பு அனைவருக்கும் பொதுவாகும்.

ஒப்பந்தத்தைப் படித்தல்

சட்டம் இருப்பதனால் மட்டும் பங்கு தானே வந்து சேர்வதில்லை. உரிமை மாற்றம் எழுத்து வழியே, கையெழுத்துடன் அமைய வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பகுதி, எவ்வளவு உரிமத்தொகை என்பன அதில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டுகள் என்றும், நிலப்பகுதி குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். படத்தின் பெயர்ப்பட்டியலும் இன்றியமையாதது. தற்செயலாகச் சிறிது நேரம் தோன்றி, பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவர், சிதைவுக்கு எதிரான உரிமை தவிர, நிகழ்த்துநராகக் கருதப்படுவதில்லை. படம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களைப் பலர் பார்க்காமலே எழுந்து செல்கின்றனர். அப்பட்டியலில் உள்ள ஒரு பெயர், ஒரு கலைஞரின் உரிமைக்கு அடிப்படையாகலாம்.

நிறைவாக

இசைத்தட்டு, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, இணையம் என ஊடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் பழைய பாடலுக்குப் புதிய வாழ்வையும் புதிய வருவாயையும் தருகிறது. தம் பாடல் செல்லவிருக்கும் தொலைவைப் பாரதியார் அறிந்திருக்கவில்லை; இன்று எழுதத் தொடங்கும் இளைஞரும் அறியார். அறியாத அந்த எதிர்காலத்திலும் படைத்தவருக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதே உரிமத்தொகை என்னும் ஏற்பாடு.