வேடமிட்ட நிருபர்

கையூட்டுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் வாய்திறவார். ஆகவே, 1888இல், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில், நெல்லி பிளை என்னும் இளம் நிருபர் கொடுப்பவராகவே நடித்தார். மருந்து வியாபாரியின் மனைவியெனச் சொல்லிச் சட்டசபைத் தரகர் எட்வர்ட் ஃபெல்ப்ஸை அணுகினார். ஒரு மசோதாவைத் தோற்கடிக்க எந்தெந்த உறுப்பினரை விலைக்கு வாங்கலாமெனத் தரகர் தயங்காது விளக்கினார். பிளை பணம் கொடுக்கவில்லை. நடந்ததை 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் எழுதினார். இத்தகைய நடிப்புக்கு அதுவே எல்லை.

பூட்டிய வாயிலும் உண்மையை மறைக்கும். தெல்தோட்டை முதலிய மலையகப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களுள், துரைமாரின் அனுமதியின்றி அயலார் புகவியலாத காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுள் சென்று தொழிலாளர் துயரைக் கண்டெழுதினார். அவர் துணைவியாரும் பத்திரிகையாளருமான மீனாட்சியம்மாளோ, வேடமெதுவுமின்றித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார்.