அஞ்சாமை தந்த திருவடி

பிணி, பகை, வழக்கு, வறுமை என ஏதேனும் ஒன்று நெருக்கும்போது மக்கள் திருக்கோயிலை நாடி வருகின்றனர். “இறைவன் காப்பான்” என்று பெரியோர் கூறுவதும் வழக்கம். காப்பான் என்பதன் பொருள் யாது? அடியார்க்கு இடரே வாராது என்பதா? வந்த இடர் உடனே நீங்கும் என்பதா? இவ்வினாவிற்கு விடையாக விளங்குவது திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறு.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகத் தோன்றிய மருள்நீக்கியார், இளமையில் பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். பின்னர்ப் பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் சிறந்து விளங்கினார். கொடிய சூலை நோய் பற்றவே, திருவதிகையில் திருத்தொண்டு புரிந்து வந்த தமக்கையாரை அடைந்தார். அவர் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானத்துப் பெருமான் திருமுன் முதற் பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று.

நோய் நீங்கியது. ஆனால் அதன் பிறகே பேரிடர்கள் வந்தன என்பது இங்குக் கருதத்தக்கது.

அவர் சமயம் மாறியதை அறிந்த பல்லவ மன்னன், அவரை அழைத்துவருமாறு அமைச்சர்களைப் படையுடன் அனுப்பினான். இறைவனையன்றி எவருக்கும் தாம் ஆட்பட்டவர் அல்லர் என்று சுவாமிகள் முதலில் மறுத்தார். வந்தவர்கள் வணங்கி வேண்டவே, நேர்வது எதுவாயினும் பெருமான் உளன் என்னும் துணிவுடன் உடன் சென்றார். அவர் ஓடி ஒளியவில்லை.

அடுத்து நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் விரித்துரைக்கின்றார். சுவாமிகளை நீற்றறையுள் இட்டு ஏழு நாள் அடைத்துவைத்தனர். சுண்ணாம்பு வேகும் அவ்வெம்மையில் அவர் ஊனமின்றி இருந்தார். பின்னர் நஞ்சு கலந்த பாற்சோற்றை உண்பித்தனர்; அதனை வஞ்சனை என்று அறிந்தே அவர் உண்டார் என்கிறது புராணம். மூன்றாவதாக மதயானையை ஏவினர். அது அவரை வலம்வந்து வணங்கிற்று. இறுதியாகக் கல்லொடு பிணித்துக் கடலில் எறிந்தனர். அப்போது அவர் நமச்சிவாயத் திருப்பதிகம் பாட, கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் அவரைக் கரை சேர்த்தது. கடலூரை அடுத்துள்ள கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகின்றது.

இங்கு நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. சூலை நோயால் வருந்தியபோது பாடிய முதற் பதிகம், துயரைத் தீர்த்தருளுமாறு முறையிடும் பதிகம். நீற்றறையில் பாடியதோ அத்தகைய வேண்டுகோள் அன்று. இறைவன் திருவடி நிழலின் குளிர்ச்சியையும் இனிமையையும் எடுத்துரைப்பது. யானையின் முன்னே பாடிய பதிகத்தில், தமக்கு அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை என்று உறுதி கூறினார். “காப்பாற்று” என்று கேட்ட நெஞ்சம், “காக்கப்பட்டே இருக்கின்றேன்” என்று தெளிந்த நெஞ்சமாக முதிர்ந்தது. இடர் நீங்குவதற்கு முன்னரே அச்சம் நீங்கிவிட்டது. இறைவன் அடியார்க்கு அளிக்கும் முதற் காவல் இதுவே.

அங்ஙனமாயின் முறையிட்டு வேண்டுதல் தாழ்ந்ததோ எனின், அன்று. அம்முறையீட்டையும் பெருமான் ஏற்று நோயைத் தீர்த்தருளினான். முதற்படியில் கால் வையாதவன் மேற்படியை எட்டுவது எங்ஙனம்? நோயுற்றோர் அழுது வேண்டுதலும் வழிபாடே.

இறைவனை நம்புதல் என்பது பிறர் இடரைப் பொருட்படுத்தாமல் இருத்தலும் அன்று. திருமறைக்காட்டில் சுவாமிகளும் திருஞானசம்பந்தரும் உடன் தங்கியிருந்தபோது, மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அனுப்பிய அழைப்பை ஏற்றுச் சம்பந்தப் பிள்ளையார் மதுரைக்குப் புறப்பட எண்ணினார். அப்போது தடுத்தவர் நாவுக்கரசரே. தாம் பட்ட துன்பங்களை எடுத்துக்கூறி, கோள்நிலையும் நன்றாக இல்லை என்று கவலையுற்றார். அதற்கு விடையாகப் பிறந்ததே கோளறு திருப்பதிகம். தம்பொருட்டு நஞ்சுக்கும் யானைக்கும் அஞ்சாதவர், ஒரு பிள்ளையின் பொருட்டு அஞ்சினார். தமக்கு வரும் இடரில் துணிவும், பிறர்க்கு வரும் இடரில் பரிவும் ஒருங்கே அமைந்ததுதான் மெய்யன்பு.

துன்புறுத்திய மன்னனைச் சுவாமிகள் சபித்தார் என்று சேக்கிழார் எங்கும் கூறவில்லை. மன்னனே பின்னர் உண்மை உணர்ந்து அவரைப் பணிந்தான்; திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். இம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. அக்காலத்துச் சமயப் பூசலை இக்காலத்துப் பகைக்கு வித்தாக்குதல் தகாது. சீவக சிந்தாமணியையும் நன்னூலையும் தமிழுக்கு அளித்தோர் சமணச் சான்றோரே. இவ்வரலாற்றில் கொள்ளத்தக்கது அடியவரின் உறுதியேயன்றிப் பிற சமயத்தார்மீது வெறுப்பன்று.

கரையேறிய பின்னர்ச் சுவாமிகள் ஓய்ந்திருக்கவில்லை. கையில் உழவாரம் ஏந்தித் தலந்தோறும் சென்று, திருக்கோயில் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கித் தொண்டு செய்தார். காக்கப்பட்ட உயிரைத் தொண்டுக்கு ஆக்கினார். சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரில் இறைவன் திருவடி நீழலை அடையும்வரை அப்பணி தொடர்ந்தது.

இடருற்றுத் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள், அடியார்கள் வரிசையில் உழவாரத்துடன் நிற்கும் அப்பர் பெருமானின் திருமுன் சற்றே நின்று வணங்குவார்களாக. மருத்துவரை நாடுதல், நீதியை நாடுதல் முதலிய மானிட முயற்சிகளை விடாது செய்து, ஐந்தெழுத்தை நெஞ்சில் நிறுத்துவார்களாக. அலை ஓயும் முன்னரே அச்சம் ஓயும். அஞ்சாத நெஞ்சினர்க்குக் கல்லும் தெப்பமாகும்.

திருச்சிற்றம்பலம்.