தங்கவயலின் நீண்ட காத்திருப்பு

2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போனது, வேலை திரும்ப வரும் என்ற பேச்சு மட்டும் போகவில்லை. கோவிலும் சர்ச்சும் புத்தர் சங்கமும் அருகருகே வளர்ந்த ஊர், இறைவனை நம்பிப் பொறுத்திருப்பதைப் பற்றிக் கற்றுக்கொண்டது என்ன?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கடைசியாக இயங்கிய நாள் 2001 பிப்ரவரி 28. மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கும் வேலை கூண்டுகளுக்கு இல்லாமல் போனது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே காலூன்றியதிலிருந்து கணக்கிட்டால் 120 ஆண்டுகள். அந்தக் காலத்தில் பூமியிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். தண்ணீரை இறைத்துக் கொட்டிய பம்புகள் நின்றதும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கங்களில் நீர் ஏறத் தொடங்கியது.

அன்று மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களின் வேலை போனது. சம்பளத்தோடு மற்ற பலவும் போயின. தங்கவயலில் குடிநீர், மின்சாரம், ஆஸ்பத்திரி, வீடு என எல்லாவற்றுக்கும் கம்பெனிதான் கதி. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் இது. தொழிலாளியின் குடும்பம் பிறப்பிலிருந்து சாவு வரை கம்பெனியின் நிழலில் இருந்தது. அந்த நிழல் ஒரே நாளில் விலகியது.

அதைவிடக் கொடுமை, எது முடிந்தது, எது முடியவில்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததுதான். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், மூடும் தறுவாயில் 4 கிராமுக்கும் கீழே போயிருந்தது. எடுக்கும் செலவு, விற்கும் விலையை மிஞ்சியது. நலிவுற்ற நிறுவனங்களுக்கான வாரியம் 2000-ல் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துவது என்ற யோசனை எழுந்தது. உலக அளவில் டெண்டர் விடுவது என்ற மத்திய அரசின் முடிவை 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவிக் கிடக்கும் 13 கழிவு மேடுகளிலிருந்து தங்கம் பிரிக்கும் திட்டத்துக்கு இசைவு தெரிவித்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு மீண்டும் பழைய மௌனம்.

இதற்கிடையே தங்கத்தின் விலை எங்கோ போய்விட்டது. சுரங்கம் மூடிய ஆண்டில் 10 கிராம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2025-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் என்ன என்ற கேள்வி தங்கவயல்காரர்களை விடாமல் குடைகிறது. செத்தவருக்கு அழுது, காரியம் செய்து, எழுந்துவிடலாம். காணாமல் போனவருக்கு அப்படிச் செய்ய முடியாது. தங்கவயலின் துக்கம் இந்த இரண்டாவது வகை. இந்த வகைத் துக்கத்தில்தான் கடவுள் மீதான நம்பிக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது.

சோதனை இந்த ஊருக்குப் புதிதல்ல. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வந்தவர்கள்தான் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். ஊரில் நிலமில்லை, கோவிலுக்குள் இடமில்லை. இங்கே தட்டி வீடுதான் என்றாலும் கையில் கூலி இருந்தது. அதற்குக் கொடுத்த விலை அதிகம். ஆழத்தில் பாறையின் வெப்பம் சுமார் 65 டிகிரி செல்சியஸ். பூமியின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகளுக்கு இந்தச் சுரங்கங்கள் உலக அளவில் பேர் பெற்றவை. உயிர் தப்பியவர்களில் பலரை சிலிக்கா தூசு விடவில்லை. நுரையீரலை மெல்ல அரித்தது. காலையில் கூண்டில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்படிப்பட்ட வேலையில் சாமியை நினைக்காமல் இறங்கியவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

அதனால் லைன் வீடுகள் எழுந்த இடமெல்லாம் வழிபாட்டு இடங்களும் எழுந்தன. மாரியம்மனும் முருகனும் ஆற்காட்டு மண்ணிலிருந்து கூடவே வந்தார்கள். சாம்பியன் ரீப் பகுதியில் வெற்றி அன்னைக்கு ஆலயம் எழுந்தது. தங்கவயலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கம்மசந்திராவில் சுவாமி சாம்பசிவமூர்த்தி 1980-ல் முதல் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். இன்று கோடிலிங்கேஸ்வரர் தலம் என்று அறியப்படும் அங்கே, 108 அடி லிங்கத்தைச் சுற்றி, வேண்டுதலுக்கு ஒன்றாக பக்தர்கள் வைத்த சிறு லிங்கங்கள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை நிற்கின்றன. ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவரின் காத்திருப்பு.

ஆனால் கேள்வி எளிதானதல்ல. வேண்டியது நடக்கவில்லை என்றால்? இருபத்தைந்து ஆண்டு வேண்டியும் சுரங்கச் சங்கு ஒலிக்கவில்லை என்றால், நம்பிக்கை ஏமாற்றமா?

விவிலியத்தில் துன்பத்தையும் பொறுமையையும் பேசும் நூல் யோபு. சொத்தையும் பிள்ளைகளையும் உடல் நலத்தையும் இழந்தவனின் கதை. சுரங்க ஊரில் இந்த நூலுக்குத் தனி அர்த்தம் உண்டு. ஏனென்றால் அதன் 28-ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. மனித நடமாட்டமே இல்லாத ஆழத்தில் இருட்டைத் துளைத்து உலோகம் தேடுகிறவர்களை வியந்து பேசிவிட்டு, இவ்வளவு தோண்டியும் ஞானம் மட்டும் அங்கே அகப்படவில்லையே என்று அது கேட்கிறது. தங்கம் கொடுத்தும் அதை வாங்க முடியாது என்கிறது. பொறுமைக்கு உதாரணம் என்று சொல்லப்படும் இதே யோபு, வாய்மூடி இருந்தவரல்ல. பல அதிகாரங்களுக்குக் கடவுளோடு வழக்காடுகிறார். உன் பாவத்தால்தான் இது வந்தது என்று அவருக்கு விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். கேள்வி கேட்டவரை அல்ல.

சைவ மரபிலும் இதே சாயல் உண்டு. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்துவைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. சிவன் காளவாயை இடித்துத் தள்ளவில்லை. அதன் கதவைத் திறக்கவும் இல்லை. ஏழு நாளும் அப்பர் உள்ளேதான் இருந்தார். அந்த வெப்பத்துக்குள்ளேயே குளிர்ச்சியை உணர்ந்தார் என்பதுதான் கதை. அடியவருக்குத் துன்பம் வராது என்ற வாக்குறுதி அதில் இல்லை. துன்பத்தில் தனியாக விடப்படவில்லை என்ற உறுதி மட்டும் இருக்கிறது. பூமிக்கடியில் கொதிக்கும் பாறையருகே எட்டு மணி நேரம் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதே மண்ணில் வேறொரு குரலும் எழுந்தது. சாதிக் கொடுமைக்குக் கடவுளின் பெயர் காவலாக நிற்பதைக் கண்டு பௌத்தத்துக்குத் திரும்பிய அயோத்திதாச பண்டிதர், 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தங்கவயலில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீப்பும் அதன் வலுவான கிளைகளாயின. 1907-ல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் சில ஆண்டுகள் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் வாங்கிப் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிய இதழ். துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும் என்ற புத்தர் வழியில், படைத்தவன் பார்த்துக்கொள்வான் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனாலும் அங்கேயும் பொறுமை ஓர் உயர்ந்த நற்குணமாகவே எண்ணப்படுகிறது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டாதே என்பதுதான் அந்தக் குரல் ஊருக்குச் சொன்ன பாடம். சாமி கும்பிடுகிறவர்களுக்கும் அது தேவைப்பட்ட பாடம்தான்.

காத்திருப்பு என்றால் என்ன என்பதை விஞ்ஞானிகளும் இதே சுரங்கங்களில்தான் அனுபவித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அளக்க, சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தார்கள். இரண்டு மாதம் ஓடியும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. தோல்வி போலத் தெரிந்தது. ஆனால் மற்ற எல்லா இரைச்சலும் அடங்கிய இடம் என்பதால், எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோவைத் தேட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது அந்த மௌனத்திலிருந்துதான் விளங்கியது. 1965-ல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் குழு காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை இங்கே பதிவு செய்தது. அது உலகின் முதல் பதிவுகளில் ஒன்று.

1980-ல் அதே சுரங்கத்தில் இன்னொரு காத்திருப்பு தொடங்கியது. அணுவின் கருவில் உள்ள புரோட்டான் எப்போதாவது சிதையுமா என்று பார்க்கும் சோதனை. பத்தாண்டுக்கு மேல் கருவிகள் இருட்டில் விழித்திருந்தன. சந்தேகத்துக்குரிய சில பதிவுகள் கிடைத்தன, உறுதி கிடைக்கவில்லை. உலகில் வேறெங்கும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரே ஊர், ஒரே இருட்டு. ஒரு காத்திருப்புக்குப் பதில் வந்தது; மற்றதற்கு வரவில்லை. இரண்டாவதில் உழைத்தவர்களின் கவனமும் நேர்மையும் முதலாவதில் உழைத்தவர்களுடையதைவிடக் குறைந்ததல்ல.

இறைநம்பிக்கையையும் பலனை வைத்து மட்டும் அளக்க முடியாது என்பதைத் தங்கவயல் வாழ்ந்தே அறிந்திருக்கிறது. சுரங்கம் திறக்கும் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முடிவு டெல்லியிலும் பெங்களூரிலும் இருக்கிறது. இறைவன் கைவிடமாட்டான் என்பது வேறு. சுரங்கம் திறக்காமலே போனாலும் அது நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள்தான் ஒவ்வொரு அறிவிப்பும் பொய்யானபோது சாமியையும் சேர்த்து வெறுத்தார்கள். குடியில் விழுந்தவர்கள் உண்டு, ஊரை விட்டே போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை.

பிரித்துப் பார்க்கக் கற்றவர்கள் செய்தது என்ன? காலையில் ரயில் ஏறினார்கள். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். விடியுமுன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவரின் மகள் நர்சாகவும் பேரன் கம்ப்யூட்டர் பொறியாளராகவும் ஆனது இந்த ரயில்களின் நெரிசலில்தான். 2011 கணக்கெடுப்பில் ராபர்ட்சன்பேட்டை நகரத்தின் மக்கள்தொகை 1.6 லட்சம். தங்கம் நின்று பத்தாண்டுக்குப் பிறகும் ஊர் காலியாகிவிடவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடவுளிடம் பொறுமையாக இருக்கிறவர்களிடம் அரசாங்கங்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன. நிலுவைத் தொகை, குடியிருக்கும் வீட்டுக்கு உரிமை, காற்றில் பறக்கும் சயனைடு மேட்டுத் தூசுக்குத் தீர்வு என்று தங்கவயல் மக்கள் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. ஏழைகளின் பக்தியை அவர்களுடைய சம்மதமாக எடுத்துக்கொள்வது ஆட்சியாளர்களுக்கு வசதி. ஆனால் கோவிலில் கைகூப்பியவர்களும் சர்ச்சில் முழங்காலிட்டவர்களும்தான் தொழிற்சங்கக் கூட்டத்திலும் உட்கார்ந்தார்கள், நீதிமன்றப் படியும் ஏறினார்கள். கடவுளுக்குத் தவணை கொடுத்தவர்கள், அதிகாரிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கழிவு மேடுகள் மீண்டும் கிளறப்படலாம். சில நூறு பேருக்கு வேலையும் கிடைக்கலாம். கிடைத்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், வெற்றி அன்னைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கிடைக்காவிட்டாலும் ஆடி மாதம் கூழ் கொதிக்கும், மெழுகுவர்த்தி எரியும், விடியுமுன் ரயில் புறப்படும்.