உங்கள் குகைக்குள் ஒரு நண்பரை அனுப்புங்கள்!

மாணவ நண்பர்களே, கீழே உள்ள சில வரிகளைப் படியுங்கள்.

"நீங்கள் ஒரு பாழடைந்த தோட்டத்தில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு பூட்டிய வீடு. இடப்பக்கம் நீர் வற்றிய கிணறு. அதன் அடியில் ஏதோ மின்னுகிறது. கிணற்றுச் சுவரின் மேல் ஒரு கயிறும் ஒரு லாடக் காந்தமும் கிடக்கின்றன. என்ன செய்யப் போகிறீர்கள்?"

சாதாரணக் கதையில் இந்தக் கேள்விக்குக் கதாநாயகன் விடை சொல்வான். இங்கே விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்! "காந்தத்தைக் கயிற்றில் கட்டு" என்று நீங்கள் தட்டச்சு செய்தால், "கட்டிவிட்டீர்கள்" என்று கணிப்பொறி பதில் எழுதும். "கயிற்றைக் கிணற்றில் இறக்கு" என்றால் கதை மேலும் நகரும். இதில் படமோ ஓசையோ கிடையாது. சொற்களாலேயே நடக்கும் இந்த விளையாட்டை 'ஊடாடும் கதை' என்று அழைக்கலாம்.

இப்படி ஒரு விளையாட்டை அமைக்கும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கக்கூடும். சிலர் நோட்டுப் புத்தகத்தில் குறிப்புகளும் எழுதி வைத்திருப்பீர்கள். ஆனால் அதை யாரிடமாவது காட்டினீர்களா? "இன்னும் முடியவில்லை", "பார்த்தால் சிரிப்பார்கள்", "யாராவது என் யோசனையை எடுத்துக்கொண்டால்?" என்றெல்லாம் தயங்கி, நோட்டை மூடி வைப்பவர்களே அதிகம். அந்த நோட்டை எப்போது, யாரிடம், எப்படித் திறந்து காட்டுவது என்று பார்ப்போம். இதற்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? போகப் போகத் தெரியும்.

குகையில் பிறந்த விளையாட்டு

அமெரிக்காவில் வில்லியம் க்ரௌதர் என்ற கணிப்பொறி வல்லுநர் இருந்தார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான 'அர்ப்பாநெட்' வலையமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஓய்வு நேரங்களில் அவர் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைப் பகுதியில் இறங்கி, அளந்து, வரைபடம் வரைவார்.

1975-76 வாக்கில், தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக, தாம் அறிந்த குகையையே ஒரு கணிப்பொறி விளையாட்டாக அவர் எழுதினார். 'அட்வென்சர்' எனப் பெயர் பெற்ற அந்த விளையாட்டு ஃபோர்ட்ரான் மொழியில் ஏறத்தாழ 700 வரிகளே கொண்டது. அதில் 78 இட விவரங்களும், கணிப்பொறிக்குப் புரியும் 193 சொற்களும் இருந்தன. அது வலையமைப்பின் வழியே ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குப் பரவியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டான் வுட்ஸ் அதை விளையாடிப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. ஆனால் அதில் பிழைகளும் இருந்தன. அவற்றைத் திருத்தி விரிவாக்க விரும்பினார். ஆசிரியரைக் கேட்காமல் செய்வது முறையா? க்ரௌதர் எங்கே வேலை செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எனவே வலையமைப்பில் இருந்த கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் 'க்ரௌதர்' என்ற பெயரிட்டு ஒரு கடிதம் அனுப்பினார்! அவற்றுள் ஒன்று உரியவரைச் சேர்ந்தது. க்ரௌதரும் மூல நிரலை மகிழ்ச்சியுடன் கொடுத்தார்.

1977இல் வுட்ஸ் வெளியிட்ட வடிவத்தில் இட விவரங்கள் 140 ஆகவும், சொற்கள் 293 ஆகவும் பெருகியிருந்தன. உலகமெங்கும் புகழ் பெற்றது அந்த வடிவந்தான். இன்றும் அதைக் குறிப்பிடும்போது க்ரௌதர், வுட்ஸ் ஆகிய இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். 2005இல் க்ரௌதரின் மூல நிரல் பழைய சேமிப்பிலிருந்து மீட்கப்பட்டது. ஆகவே யார் எதை எழுதினார் என்பதையும் இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

தம் யோசனையை க்ரௌதர் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வீட்டுக் குழந்தைகளோடு அது முடிந்துபோயிருக்கும், அல்லவா?

ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியாதவை

ஆனால் ஒன்று. குகையைக் க்ரௌதரை விட நன்கு அறிந்தவர் சிலரே. அப்படியிருக்க, அவர் காணாத பிழைகள் வுட்ஸின் கண்ணில் பட்டது எப்படி? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் விளையாட்டில் 20 இடங்கள், 15 பொருள்கள், 12 வினைச் சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். எந்த இடத்திலும் எந்தப் பொருளையும் எந்த வினைக்கும் உட்படுத்த ஒருவர் முயலலாம். ஆக, 20 × 15 × 12 = 3,600 கட்டளைகள். கதவு திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்பன போல 'ஆம்', 'இல்லை' என்ற இரு நிலைகள் மட்டுமே உள்ள செய்திகள் 10 இருந்தால், அவை சேர்ந்து அமையும் நிலைகள் 1,024. ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொரு நிலையிலும் சோதிக்கப் பத்து விநாடி ஆகும் என்றால், உண்ணாமல் உறங்காமல் உட்கார்ந்தாலும் 426 நாள்கள் ஆகும்!

இவற்றுள் பெரும்பாலானவை "சாவியைத் தின்" என்பது போன்ற வேடிக்கைக் கட்டளைகள். ஆனால் அவற்றுக்கு நடுவே, அறிவுள்ள ஒருவர் செய்யக்கூடிய, உங்களுக்கோ ஒருபோதும் தோன்றாத கட்டளைகள் ஒளிந்திருக்கும். உங்களுக்கு விடை முன்பே தெரியும். விடை தெரிந்தவர் நேர்வழியில் நடந்து போய்விடுவார். இருபுறமும் உள்ள பள்ளங்கள் வழி தெரியாதவருக்கே தட்டுப்படும்.

நம் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மின்னுவது சாவி. அதைக் காந்தத்தால் இழுத்து எடுக்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். "மஞ்சள் நிறச் சாவி" என்று அழகுக்காக ஒரு சொல் சேர்த்துவிட்டீர்கள். என்ன ஆகும்? இயற்பியல் பாடத்தைக் கவனித்துப் படித்த தோழி, "மஞ்சள் என்றால் பித்தளை. பித்தளையைக் காந்தம் ஈர்க்காது" என்று முடிவு செய்து, காந்தத்தைத் தொடவே மாட்டாள். அவள் தோற்றது அறியாமையால் அன்று. நீங்கள் எழுதிய ஒரு சொல்லால்! அதை "துருவேறிய சாவி" என்று மாற்றுங்கள். இரும்பு என்பது சொல்லாமலே விளங்கும். துருப்பிடித்த சாவி தூரத்திலிருந்து மின்னுமா என்ற அடுத்த கேள்வியையும் அதே தோழி கேட்பாள். கேட்கட்டும், அதுவும் உங்களுக்கு லாபந்தான்.

சொற்களின் சிக்கல்

கணிப்பொறிக்கு மொழி தெரியாது. நீங்கள் கொடுத்த சொற்பட்டியலை வைத்து, வந்த சொல் பட்டியலில் உள்ளதா என்று மட்டும் அது பார்க்கும். பழைய 'அட்வென்சர்' ஒரு சமயத்தில் இரண்டு சொற்களையே ஏற்றது. அதிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளையே பார்த்தது. ஆங்கிலத்தில் வடக்கு, வடகிழக்கு ஆகிய இரு சொற்களுக்கும் முதல் ஐந்து எழுத்துகள் ஒன்றே. எனவே வடகிழக்கைச் சுருக்கெழுத்தாகத்தான் தர வேண்டியிருந்தது. பின்னர் 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் எழுதத் தொடங்கிய 'ஸோர்க்' விளையாட்டு, "பூதத்தை வாளால் தாக்கு" என்பது போன்ற முழு வாக்கியங்களையும் புரிந்துகொண்டது.

தமிழில் எழுதினால் சிக்கல் இன்னும் சுவையானது. "விளக்கை ஏற்று" என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒருவர் "கொளுத்து" என்பார். இன்னொருவர் "பற்ற வை" என்பார். மின்விளக்கு என்று நினைத்தவர் "போடு" என்பார். "விளக்கு ஏற்று" என்று வேற்றுமை உருபை விட்டுவிடுபவரும் உண்டு. உங்கள் பட்டியலில் "ஏற்று" மட்டும் இருந்தால், மற்ற எல்லோரும் இருட்டிலேயே நிற்க வேண்டியதுதான்! இந்தச் சொற்களை ஒருவர் தனியே உட்கார்ந்து திரட்ட முடியாது. நான்கு பேர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சோதனையைத் தொடங்குவோமா?

"ஒரு குகை, ஒரு பூதம், ஒரு புதையல்..." என்று யோசனையை வாயால் சொன்னால் நண்பர்கள் "நன்றாயிருக்கிறது" என்பார்கள். அந்தச் சொல்லால் உங்களுக்குக் கிடைக்கும் தகவல் பூஜ்யம். வெப்பநிலைமானி எதில் வைத்தாலும் ஒரே அளவைக் காட்டினால் அதை வைத்து என்ன பயன்? ஆகவே யோசனையைச் சொல்லாதீர்கள். சிறிதாக ஒரு பகுதியைச் செய்து, விளையாடக் கொடுங்கள். அதற்குக் கணிப்பொறிகூடத் தேவையில்லை!

ஐந்தே இடங்கள் உள்ள ஒரு கதையைத் திட்டமிடுங்கள். ஒரு நோட்டில், பக்கத்துக்கு ஓர் இடமாக விவரம் எழுதுங்கள். அந்த இடத்தில் ஏற்கும் கட்டளைகளையும், ஒவ்வொன்றுக்குமான பதிலையும் கீழே எழுதுங்கள். இப்போது நீங்களே கணிப்பொறி. ஒரு நண்பரை எதிரே உட்கார வையுங்கள். இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, விளையாடுபவர் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள்.

விதி ஒன்றே ஒன்று. நோட்டில் எழுதியிருப்பதைத் தவிர நீங்கள் எதுவும் பேசக் கூடாது. எழுதாத கட்டளை வந்தால் "புரியவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும். நண்பர் சாவிக்கு அருகில் வந்து திரும்பிப் போகும்போது "ஐயோ, அங்கேதான்!" என்று கத்தத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்! ஆய்வகத்தில் தராசுத் தட்டை விரலால் அழுத்திவிட்டு எடையைக் குறிப்பீர்களா? இதுவும் அப்படித்தான். விளையாட்டு வெளியே போகும்போது கூடவே நீங்கள் போக முடியாது.

இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் குறிப்பை எடுங்கள். புரியாமல் போன கட்டளைகளை நான்கு வகையாகப் பிரியுங்கள். பட்டியலில் சொல் இல்லாதது ஒரு வகை. நியாயமான செயல், ஆனால் நீங்கள் நினைத்துப் பாராதது இரண்டாவது. உங்கள் வருணனை தவறான வழி காட்டியது மூன்றாவது. போதிய துப்பு இல்லாமல் திகைத்து நின்றது நான்காவது. முதல் வகையைத் திருத்த ஒரு சொல் போதும். நான்காவது வகைக்குக் கதையையே மாற்ற வேண்டியிருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் செய்தன. 'ஸோர்க்' எழுதியவர்களும் நண்பர்களும் 1979இல் தொடங்கிய 'இன்ஃபோகாம்' நிறுவனத்தில் விளையாட்டுகளைச் சோதிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அந்த விளையாட்டுகளில் 'ஸ்கிரிப்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினால், அதன் பிறகு நடக்கும் உரையாடல் முழுவதும் தாளில் அச்சாகும். இன்றைய ஆசிரியர்களும் சோதனையாளரிடம் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். 1995 முதல் ஆண்டுதோறும் ஊடாடும் கதைகளுக்கான போட்டி ஒன்று நடந்து வருகிறது. அதில் நடுவர்கள் ஒரு கதையை முதல் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்து, அதைக் கொண்டு மதிப்பெண் தர வேண்டும். முதல் கதவிலேயே நடுவர் சிக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் அழகிய மண்டபங்களை அவர் காணவே மாட்டார்!

கேட்பதும் சொல்வதும்

"எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "கிணற்றைப் பற்றிப் படித்ததும் முதலில் என்ன செய்யத் தோன்றியது? எந்த இடத்தில் எரிச்சல் வந்தது? எதைச் செய்ய ஆசைப்பட்டு முடியாமல் போயிற்று?" என்று கேளுங்கள்.

நண்பர் வைத்தியமும் சொல்வார்: "கிணற்றையே எடுத்துவிடு." நோயாளி "வயிற்றை வலிக்கிறது" என்றால் மருத்துவர் அதை நம்ப வேண்டும். "எனக்கு இந்த ஊசியைப் போடுங்கள்" என்றால் யோசிக்க வேண்டும். அதுபோல, நண்பர் இடறியது உண்மை. அதற்கான மருந்தைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு. மூவரில் இருவர் ஒரே இடத்தில் இடறினால் குற்றம் அந்த இடத்தின் மேல்தான். ஒருவர் மட்டும் இடறினால் அடுத்தவரிடம் சோதித்துப் பாருங்கள்.

ஒரு சிக்கனமும் தேவை. ஒருமுறை விளையாடியவருக்கு விடை தெரிந்துவிடும். உரசிய தீக்குச்சி மறுபடி எரியுமா? ஆறு நண்பர்கள் இருந்தால் ஆறு பேரையும் முதல் நாளே கூப்பிடாதீர்கள். இருவரிடம் சோதித்து, திருத்தி, அடுத்த இருவரிடம் காட்டுங்கள்.

பிறர் விளையாட்டை நீங்கள் சோதிக்கும்போதும் கடமை உண்டு. "மோசம்" என்ற ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதுவதும் இவைதாமே?

சரி, "என் யோசனையை யாராவது எடுத்துக்கொண்டால்?" என்ற பயம்? நோட்டில் தேதியிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். உதவியவர் பெயரையும் எழுதுங்கள். சோதித்தவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுவது இந்தத் துறையில் வழக்கம். குகையும் பூதமும் எல்லோருக்கும் பொது. அவற்றைக் கொண்டு நீங்கள் அமைக்கும் ஐந்து இடங்களும், அங்கே ஒருவர் படும் வியப்புமே உங்களுடையவை. அந்த வியப்பு, பிறர் உள்ளே வந்த பிறகுதான் பிறக்கிறது.

இந்த வாரமே ஐந்து பக்கங்கள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு நண்பர்களை அழையுங்கள். ஒருவர் விளையாடட்டும், ஒருவர் எழுதட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நீங்கள் எதிர்பாராத முதல் கட்டளை சில நிமிடங்களில் வந்துவிடும்!