கணக்குப் பாடமும் காலை நேர வயிற்றுவலியும்

காலம் கடந்த வருகை

சனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கி ஏப்ரலில் பொதுத்தேர்வு முடியும்வரையிலான மாதங்களில், காலை எழுந்ததும் வயிற்றுவலி, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் குமட்டல், இரவில் உறக்கமின்மை, வினாத்தாளைக் கையில் வாங்கியதும் படபடப்பு என்ற முறையீடுகளோடு பத்தாம் வகுப்பு மாணவர்கள் குழந்தை மருத்துவர்களிடமும் மனநல மருத்துவர்களிடமும் அழைத்துவரப்படுவது ஆண்டுதோறும் காணப்படுவதாகும். அந்த வலி நடிப்பன்று; மன அழுத்தம் குடலின் இயக்கத்தை மாற்றுவதால் உண்மையாகவே தோன்றும் வலி அது. பொறுமையாகக் கேட்டால், அது எல்லா நாளும் வருவதில்லை என்பதும், கணக்குத் தேர்வோ கணக்கு வகுப்போ உள்ள நாளில் மிகுதியாகிறது என்பதும், அதன் தொடக்கம் கடன் வாங்கிக் கழித்தலும் பின்னமும் கற்பிக்கப்பட்ட மூன்றாம் நான்காம் வகுப்புகளில் இருக்கிறது என்பதும் பெரும்பாலும் தெரியவரும். இடைப்பட்ட ஆறேழு ஆண்டுகளில் இரண்டு மூன்று டியூஷன்கள் மாறியிருக்கும், நினைவாற்றல் டானிக் புட்டிகள் பல தீர்ந்திருக்கும், மந்திரித்த கயிறும் கையில் ஏறியிருக்கும். இவ்வளவும் முடிந்து, தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கையில்தான் அச்சத்தை அகற்றித் தருமாறு மருத்துவரிடம் கேட்கப்படுகிறது.

கணித அச்சம் என்பது எண்களைக் கையாள வேண்டிய சூழலில், அச்சூழலுக்குச் சிறிதும் பொருந்தாத அளவில் எழும் பதற்றமும், அதனால் அச்சூழலையே தவிர்க்க முனையும் போக்கும் ஆகும். அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டிலேயே மேரி ஃபைட்ஸ் கஃப் என்பவர் இதற்குத் தனிப்பெயரிட்டு எழுதினார். 1972இல் ரிச்சர்ட்சன், சூயின் என்னும் உளவியலாளர் இருவர் இதை அளப்பதற்கு 98 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த நாடுகளில் 2012இல் நடந்த பீசா என்னும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வில், 15 வயது மாணவர்களில் 59 விழுக்காட்டினர் கணித வகுப்பு கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகவும், 33 விழுக்காட்டினர் கணித வீட்டுப்பாடம் செய்கையில் மிகுந்த இறுக்கம் அடைவதாகவும் கூறினர். அந்த ஆய்வில் இந்தியா பங்கேற்கவில்லை என்றாலும், தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். இராமானுஜம் தலைமையில் உருவான கணிதக் கற்பித்தல் குறித்த அறிக்கை, பெரும்பான்மைக் குழந்தைகளிடம் நிலவும் அச்சத்தையும் தோல்வி உணர்வையுமே நாட்டின் கணிதக் கல்வியின் முதல் சிக்கலாக வைத்தது.

அச்சம் செய்யும் வேலை

மூளையின் பகுதிகளை இங்கே பெயர் சொல்லி விளக்கத் தேவையில்லை. செயல்நினைவு என்ற ஒன்றை மட்டும் அறிந்தால் போதும். ஒரு கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது கையிருப்பு எண்ணையும், அடுத்த படியையும், கேட்கப்பட்டது என்ன என்பதையும் சில நொடிகள் மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் திறனே செயல்நினைவு எனப்படும். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 'தப்பாகிவிடுமோ, சார் திட்டுவாரோ' என்ற எண்ணம் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால், கணக்குக்கு எஞ்சும் இடம் போதாமல், வீட்டில் சரியாகச் செய்த அதே கணக்கு தேர்வறையில் நின்றுவிடுகிறது. ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. லயன்ஸ், பைலாக் இருவரும் 2012இல் செய்த மூளைப் படமெடுப்பு ஆய்வில், அச்சம் மிகுந்தவர்களிடம் உடல்வலியோடு தொடர்புடைய பகுதிகள் தூண்டப்பட்டன. ஆனால் அத்தூண்டல் கணக்குச் செய்யும்போது காணப்படாமல், கணக்கு வரப்போகிறது என்று காத்திருக்கும்போது காணப்பட்டது. வயிற்றுவலி தேர்வுக்கு முந்தைய காலைப் பொழுதில் உச்சமடைவதற்கும், முதல் வினாவைச் செய்து முடித்தபின் பலருக்குத் தணிவதற்கும் இந்த ஆய்வு பொருத்தமான விளக்கமாக அமைகிறது.

நம்பப்படும் தவறுகள்

கணித அச்சத்தைப் பற்றி நம்பப்படும் தவறுகளுள், மூளை மந்தமானவருக்கே கணக்குப் பயம் வரும் என்பது மிகப் பழையது. மிகுந்த தீங்கு செய்வதும் இதுவே. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1,757 பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, கணித அச்சம் மிகுந்தவர்களில் 77 விழுக்காட்டினர் கணிதத்தில் இயல்பான அல்லது அதற்கு மேற்பட்ட திறன் உடையவர்கள். 'மக்கு' என்று வகுப்பில் பெயர் சூட்டப்படும் பிள்ளைகளில் பலருக்கும் குறைவது துணிவுதானேயன்றித் திறன் அன்று என்பதை இந்த எண் போதிய அளவு உணர்த்துகிறது. உணர வேண்டியவர்கள் இன்னும் உணரவில்லை.

கணக்கு பிறவியிலேயே வரவேண்டும் என்ற கருத்துக்குத் தமிழகத்தில் சீனிவாச இராமானுஜனே சான்றாக நிறுத்தப்படுகிறார். தேவியின் அருளால் தேற்றங்கள் தாமே தோன்றின என்ற செய்தி வீடுதோறும் தெரியும். கார் என்பவர் தொகுத்த ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கற்பலகையில் எழுதி எழுதி, முழங்கையால் அழித்து அழித்து, அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்த செய்தி அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. அவருடைய மேதைமையை மறுப்பதற்கில்லை. ஆனால் மேதையை அளவுகோலாக வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளையை அளப்பது எந்த வகையிலும் முறையாகாது. அச்சத்துக்கு மரபுவழிக் கூறும் உண்டு என்பதையும், இரட்டையர்களைக் கொண்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மரபணுவைக் காரணமாகக் காட்டியது என்பதையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். எஞ்சியது பிள்ளை தனக்கென அடைந்த அனுபவங்களிலிருந்து வந்ததாகும். வீடும் பள்ளியும் மாற்றக்கூடியது அந்தப் பகுதியைத்தான்.

வேகமே திறமை என்பது அடுத்த தவறு. வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவரும், மனக்கணக்கில் முதலில் கை தூக்குபவரும் வகுப்பின் கணித வல்லுநராகக் கருதப்படுகின்றனர். 1950இல் கணிதத்தின் உயரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோரான் ஷ்வார்ட்ஸ், பள்ளிக் காலத்தில் தாம் மெதுவாகச் சிந்தித்ததால் தம்மை அறிவு குறைந்தவராகவே கருதியிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கடிகாரத்தை வைத்து நடத்தப்படும் அன்றாடச் சிறுதேர்வுகள், அச்சமுடைய பிள்ளையின் செயல்நினைவை மேலும் நெரிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்ற கூற்று, வெளிப்படையாகச் சொல்லப்படுவது குறைந்திருப்பினும், மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவு தேரும் நாளில் வீட்டுக்குள் இன்னும் ஒலிக்கிறது. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்ணான ஈரானின் மரியம் மிர்சாகானி, நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், தமக்குத் திறன் இருப்பதாக ஓர் ஆசிரியர் கருதாததால் கணிதத்தில் ஆர்வம் இழந்தார். மறு ஆண்டில் ஊக்கம் தரும் ஆசிரியர் வாய்த்தபின்பே மீண்டார். ஆசிரியர் மாறாமலேயே போன மாணவியர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை.

பயம் இருந்தால்தான் படிப்பான் என்பது அடியையும் வசையையும் நியாயப்படுத்தும் வாதம். உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அஞ்சும் பிள்ளை படிப்பதில்லை, ஒளிகிறது: வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுகிறது, கணக்கு வேளையில் தண்ணீர் குடிக்கப் போகிறது, தவிர்த்ததால் பயிற்சி குறைந்து, பயிற்சி குறைந்ததால் மதிப்பெண் குறைந்து, அதனால் மேலும் அஞ்சுகிறது.

அண்மைக் காலத்தில், அச்சத்தைக் குறைபாடாகவே கருதிவிடும் நேர்மாறான ஒரு தவறும் பரவி வருகிறது. இணையத்தில் நான்கு காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு டிஸ்கால்குலியா என்று வீட்டிலேயே முடிவுகட்டும் பெற்றோர் உள்ளனர். எண்களின் அளவையும் அவற்றின் உறவையும் உணர்வதிலேயே மூளை வளர்ச்சி சார்ந்து ஏற்படும் குறைபாடு டிஸ்கால்குலியா எனப்படும். அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. கணித அச்சமும் டிஸ்கால்குலியாவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கலாம்; ஆயினும் ஒன்று மற்றொன்றாகாது.

பரிசோதனை

மருத்துவரிடம் அழைத்துவரப்படும் பிள்ளையின் வயிற்றுவலிக்கு உடல்சார்ந்த காரணம் உண்டா என்பதோடு பார்வையும் செவித்திறனும் ஒருமுறை பார்க்கப்பட்டு, தேவைப்பட்டால் உளவியலாளரின் மதிப்பீடு செய்யப்படும். மூளை ஸ்கேன் வேண்டியதில்லை.

ஆசிரியரைப் பற்றிய அச்சமும் ஆசிரியரின் அச்சமும்

மாணவர் ஆசிரியருக்கு அஞ்சுவது அனைவரும் அறிந்தது. ஆசிரியரே கணக்குக்கு அஞ்சுவது பேசப்படுவதில்லை. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் மொழி, கணக்கு, அறிவியல் அனைத்தையும் கற்பிக்கிறார். பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைவிட்டு, மேல்நிலையில் வரலாறோ வணிகவியலோ படித்து, ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவரும் இத்தகைய ஆசிரியர்களுள் உண்டு. தாம் தப்பி ஓடிவந்த பாடத்தையே நாள்தோறும் கற்பிக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார் என்பதையும், அந்த அச்சத்தைச் சொல்ல அவருக்கு இடமே இல்லை என்பதையும் அவர்மீது குற்றம் சாட்டுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள் 17 பேரின் அச்சத்தையும் அவர்களுடைய மாணவர்களின் அடைவையும் ஒப்பிட்டனர். கல்வியாண்டின் தொடக்கத்தில் இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆண்டு முடிவில், அச்சம் மிகுந்த ஆசிரியையிடம் பயின்ற சிறுமியர், ஆண்களுக்கே கணக்கு வரும் என்று கூடுதலாக நம்பத் தொடங்கியிருந்தனர். அவ்வாறு நம்பிய சிறுமியரின் கணித அடைவும் குறைந்திருந்தது. சிறுவரிடம் அவ்விளைவு காணப்படவில்லை.

இந்த அச்சத்தின் அறிகுறிகள் அழுகையாகவோ நடுக்கமாகவோ வெளிப்படுவதில்லை. கைடில் உள்ள முறையன்றி வேறு முறையில் செய்தால் விடை சரியாயினும் மதிப்பெண் மறுத்தல், பாடநூலுக்கு வெளியே ஒரு கணக்கும் தராமல் இருத்தல், 'ஏன்' என்ற வினாவுக்கு 'விதி அப்படித்தான்' என்று விடை கூறி முடித்தல் ஆகியவையே அறிகுறிகள். மூன்றை அரையால் வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பதை மனப்பாடமாகக் கற்றவர், மனப்பாடமாகவே கற்பிக்கிறார். மூன்று லிட்டர் பாலை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி வேண்டும் என்று கேட்டால், விதி எதையும் அறியாத பிள்ளையும் ஆறு என்று சொல்லிவிடும். அவ்வாறே 0.3ஐவிட 0.25 பெரிது என்று எழுதும் பிள்ளை, 25 மூன்றைவிடப் பெரிது என்ற ஒழுங்கான சிந்தனையோடுதான் எழுதுகிறது. எப்படி இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்கும் ஆசிரியருக்கு அந்தச் சிந்தனை தெரியவரும். சிவப்பு மையால் பெருக்கல் குறி மட்டும் இடுபவருக்குத் தெரியாது. கேட்பதற்குத் துணிவு வேண்டும், ஏனெனில் பிள்ளையின் மறுமொழி ஆசிரியர் எதிர்பாராத திசையில் போகக்கூடும்.

தமிழகத்தில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை வகுப்பின்படி மட்டும் பாராமல் கற்றல் நிலையின்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் செயல்பாடுகள் வழியே கற்பிக்க முனைந்தது இந்த நோக்கில் பயனுள்ளதாகும். ஆயினும் செயல்பாட்டு அட்டையைக் கையில் தருவது வேறு, அதை ஏந்தும் ஆசிரியரின் கணித அச்சத்தைக் கேட்டறிவது வேறு. முன்னதற்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு பங்கேனும் பின்னதற்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

தாமே செய்துகொள்ளும் மருத்துவம்

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைத் தேர்வுநாள் காலையில் பிள்ளைக்குத் தரும் வழக்கத்தை எந்தச் சொல்லால் கண்டித்தாலும் தகும். படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தந்தால் மூச்சுத்திணறலில் முடியக்கூடும். உறக்கத்துக்கென்று தரப்படும் அல்ப்ரசோலம், புதிதாகப் படித்ததை நினைவில் பதியவிடாமல் தடுப்பதோடு, பழக்க அடிமைத்தனத்தையும் உண்டாக்கும். மருத்துவரின் சீட்டின்றி விற்கவே கூடாத மருந்துப் பட்டியலில் உள்ளது அது. நினைவு பதியவேண்டிய காலத்தில் நினைவைக் கெடுக்கும் மருந்தைத் தேடி வாங்கித் தருவதை அக்கறை என்று எவ்வாறு அழைப்பது? விழித்திருந்து படிப்பதற்காக அருந்தப்படும் எனர்ஜி டிரிங்க் வகைகளில் உள்ள கஃபீன் படபடப்பைப் பெருக்குகிறது. வல்லாரைத் துவையலை உணவாக உண்பதில் தவறில்லை. அது பின்னம் கற்பிக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. தவறான விடைக்குத் தண்டனையாக நூறு கணக்கு எழுதவைப்பதும் இத்தகைய கைவைத்தியமே.

பயன் தருவன

சூப்பேக்கர், மேனன் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியே ஒருவரிடம் ஒருவராகக் கற்பித்ததில், அச்சமும் அதனோடு தொடர்புடைய மூளைத் தூண்டலும் குறைந்தன. அறுபது பேரை அடைத்து நடத்தும் டியூஷனை இதோடு ஒப்பிட இயலாது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளை ஒரு தாளில் எழுதிவிட்டுத் தேர்வெழுதியோர், எழுதாதவரைவிட மேலாகச் செய்தனர் என்பதை 2011இல் ராமிரெஸ், பைலாக் இருவரும் காட்டினர். இதற்குச் செலவு ஒரு தாள். அச்சம் கடுமையாக இருப்பின், தவறான எண்ணங்களை இனங்கண்டு மாற்றவும் அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளவும் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை உளவியலாளர் அளிப்பார்.

பெற்றோருக்கும் பள்ளிக்கும்

'எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்படித்தான்' என்று ஆறுதலாகச் சொல்லப்படும் சொல்லைப் பெற்றோர் தயைகூர்ந்து விட்டுவிட வேண்டும். அச்சமுடைய பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவும் குடும்பங்களில் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் குறைவாகவே கற்றனர் என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. அஞ்சியபடி சொல்லிக்கொடுப்பதைவிட, தராசில் கால் கிலோ நிறுக்கவும், பேருந்துக் கட்டணத்தில் மீதிச் சில்லறை எண்ணவும் பிள்ளையை விடுவது நலம். மதிப்பெண் தாளை உறவினர் முன்னிலையில் விரித்து வைக்கவேண்டாம். ஆசிரியர்கள், தமக்குத் தெரியாத கணக்கைத் தெரியாது என்று சொல்லி மாணவரோடு சேர்ந்து செய்துபார்க்க ஒருமுறையேனும் முயலவேண்டும். தலைமையாசிரியர்கள், அவ்வாறு சொல்லும் ஆசிரியரைக் குறைத்து மதிப்பிடாதிருக்க வேண்டும். காலை வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை உணவையும் விளையாட்டையும் விட்டு ஒதுங்கினாலோ, முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று எவரும் காத்திருக்க வேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் வந்தால், அதைப் பேச்சுக்குச் சொன்னது என்று தள்ளாமல் அன்றைக்கே உதவி நாட வேண்டும்: மைய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எல்லா நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் இயங்குகிறது.