ஓசையடங்கிய வழங்கி: உறுப்புகளைத் தேரும் முறை

கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதே தொழிலாக உடைய கணினியைச் சர்வர் என்பர். தமிழில் அதற்கு வழங்கி என்னும் பெயர் அமைந்துள்ளது. அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தனியறைகளை நிறைத்திருந்த இப்பொறி, இன்று வீட்டு அலமாரியின் ஒரு தட்டில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஆசிரியர் ஒருவர் முப்பதாண்டுக் காலம் தொகுத்த பாடக் குறிப்புகள், பழைய இதழ்களின் படிகள், குடும்பத்தின் நிழற்படங்கள், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகள் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் காத்து, வீட்டிலுள்ளோர் விரும்பும்போது வழங்குவதற்கு இஃது ஏற்ற கருவியாகும்.

மற்றைக் கணினிகளுக்கும் வழங்கிக்கும் உள்ள சிறப்பான வேறுபாடு ஒன்றுண்டு. மற்றவை வேலை முடிந்தவுடன் அணைக்கப்படும். வழங்கியோ ஆண்டின் 8,760 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். பகலில் காதில் விழாத சிறு இரைச்சலும் நள்ளிரவில் உறக்கத்தைக் கெடுக்கும். கூடமும் படுக்கையறையும் ஒரே சுவரால் பிரிக்கப்பட்ட அடுக்குமாடி வீட்டில் இது பெருந்தொல்லையாகிவிடும். தொல்லை பொறாதவர் பொறியை அணைத்து வைப்பர். அணைந்த வழங்கியில் புதிய படிகள் சேர்வதில்லை. பின்னொரு நாள் மடிக்கணினி பழுதாகும்போதுதான், பல திங்களாக எழுதியவற்றுக்கு வேறு படியே இல்லை என்பது தெரியவரும். ஆகவே, வழங்கி ஓசையின்றி இயங்குதல் வெறும் வசதியன்று; காப்பின் ஒரு பகுதியே அது.

ஓசையின் வேர்

கடையில் அமைதியான விசிறி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் ஓசை அடங்கிவிடும் என்று பலர் எண்ணுவர். விசிறி ஓசையின் வாயிலே அன்றி வேரன்று. பொறிக்குள் புகும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற விசிறி சுழல்கிறது. விசிறி விரைந்து சுழலச் சுழல இரைச்சல் மிகுகிறது. எனவே, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் உறுப்புகளைத் தேர்பவர் ஓசையைத் தோன்றுமிடத்திலேயே தடுத்தவராவர். செலவும் அதனோடு குறையும். எப்போதும் 60 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினியை வழங்கியாக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 526 யூனிட் மின்சாரம் செலவாகும். 10 வாட்டில் இயங்கும் சிறு பொறிக்கு 88 யூனிட்டே போதும்.

முதலில் அளந்தறிதல்

எந்த உறுப்பையும் வாங்குமுன் தேவையை அளந்தறிதல் வேண்டும். ஒரு பக்கத்தின் தெளிவான படி 2 மெகாபைட் எனக் கொண்டால், ஓர் இலட்சம் பக்கங்கள் 200 கிகாபைட்டில் அடங்கும். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் பதிந்த பேச்சு, மணிக்கு 57.6 மெகாபைட் ஆகும். ஆயிரம் மணி நேரப் பேச்சுக்கு 58 கிகாபைட்டுக்கும் குறைவான இடமே வேண்டும். ஆக, ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஏடுகளும் குரல்களும் 1 டெராபைட்டில் ஒரு சிறு பகுதியையே நிரப்பக் காண்கிறோம். பேரிடம் வேண்டுவது பெரும்பாலும் ஒளிக்காட்சிகளுக்கே. இக்கணக்கைப் போடாதவர்கள் நான்கு வட்டுகள் கொண்ட பெரும் பெட்டியை வாங்கி, தேவையற்ற ஓசையையும் விலைகொடுத்து வாங்கிவிடுகின்றனர்.

செயலியும் தாய்ப்பலகையும்

வீட்டு வழங்கி பெரும்பொழுதும் யாதொரு வேலையுமின்றிக் காத்திருப்பது. ஆதலின், செயலியின் உச்ச வேகத்தைக் காட்டிலும், அது சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரமே கவனிக்கத் தக்கது. இன்டெல் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட என்100 என்னும் செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு உள்ளகங்கள் கொண்ட அதன் வெப்ப அளவு 6 வாட் என்றே குறிக்கப்பட்டுள்ளது. வேலை மிகும்போது சிறிது நேரம் அவ்வளவைக் கடந்து செல்லுமாயினும், கோப்புகளை எடுத்துக் கொடுப்பதற்கு அதன் ஆற்றல் தாராளமாகப் போதும்.

இத்தகைய சிறு பொறிகளுக்கு மினி-ஐடிஎக்ஸ் என்னும் தாய்ப்பலகை ஏற்றது. வீயா நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வகுத்த இவ்வளவின்படி, பலகை 17 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். பிற்காலத்தில் வேறு அட்டைகளைச் செருகுவதற்கு இதில் ஒரே ஓர் இடமுண்டு. ஆகவே, வட்டுகளுக்கு எத்தனை இணைப்புகள் உள்ளன, வலையிணைப்பின் வேகம் என்ன என்பவற்றை வாங்குமுன்பே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நொடிக்கு 1 கிகாபிட் வலையிணைப்பு 125 மெகாபைட்டுக்கு மேல் கொண்டு செல்லாது. அதனினும் பன்மடங்கு விரைவுள்ள வட்டை விலை கொடுத்து வாங்கினாலும், அவ்விரைவு வீட்டின் கம்பியிலேயே நின்றுவிடும்.

நினைவகத்தில் தோன்றும் பிழையைத் தானே கண்டு திருத்தும் முறைக்கு அடிப்படையான ஆய்வுரையை ரிச்சர்டு ஹாமிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சுப்பிழையை அச்சேறுமுன் திருத்தும் மெய்ப்புப் பார்ப்பவரைப் போன்றது இது. இவ்வசதி விலை குறைந்த சிறு செயலிகள் பலவற்றில் வாய்ப்பதில்லை. வேறு எங்கும் கிடைக்காத பதிவுகளைக் காப்பவர் சற்று மிகுந்த விலைகொடுத்தும் இதனைப் பெறுதல் தகும்.

வட்டுகள்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுப்பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. ஒரு டன்னுக்கு மேல் எடையிருந்த அப்பொறி ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே காத்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்வட்டு அதனினும் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. ஆயினும் தட்டு சுழல்வதும், படிக்கும் முனை அங்குமிங்கும் தாவுவதும் மாறவில்லை. எனவே, வன்வட்டு உள்ளவரை ஓசையும் உண்டு.

நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு நொடிக்கு 90 அதிர்வுகளை எழுப்புகிறது. அதே அளவினவாகக் கருதப்படும் இரு வட்டுகளும் இம்மியளவேனும் வேகத்தில் மாறுபடும். அப்போது, சுருதி சேராத இரு தந்திகளை மீட்டினாற்போல், எழுந்தும் தாழ்ந்தும் வரும் முரற்சி ஒன்று தோன்றும். சீரான ஓசையைவிட இதுவே செவியை மிகுதியும் வருத்துவது. வட்டைப் பெட்டியோடு நேரே முடுக்காமல், இரப்பர் வளையங்களை இடையில் வைத்துப் பொருத்தினால் அதிர்வு பெட்டிக்குப் பரவாது.

திண்மநிலை வட்டில் சுழல்வதே இல்லை; ஓசையும் இல்லை. முன்னர்க் காட்டிய கணக்கின்படி, ஏடுகளும் குரல்களும் மட்டும் காப்பவர்க்கு 2 டெராபைட் கொள்ளும் திண்மநிலை வட்டே மிகுதி. ஒளிக்காட்சிகளைத் தொகுப்பவர்க்கு வன்வட்டு வேண்டும். அதை வாங்கும்போது தடங்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேலொன்று படிந்துள்ள வகையைத் தவிர்த்தல் நலம். அவ்வகையில் ஒரு தடத்தை மாற்றியெழுதினால் அடுத்த தடங்களையும் எழுத நேரும். பழுதான வட்டுக்கு மாற்று வைத்து நிரப்பும்போது மிகுந்த காலம் பிடிக்கும்.

ஈண்டு ஒரு தவறான கருத்தைக் களைதல் வேண்டும். பல வட்டுகளை ஒன்றுபோல் இயக்கும் ரெய்டு என்னும் முறையை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரையில் விளக்கினர். இரு வட்டுகளில் ஒரே செய்தியை எழுதிவைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும் என்பது மெய்யே. ஆனால், கைதவறி ஒரு கோப்பை அழித்தால் அஃது இரண்டிலும் ஒருங்கே அழியும். ஆதலின் இணைவட்டு வேறு, காப்புப்படி வேறு. மூன்று படிகள், இருவகைக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வீட்டுக்கு வெளியே என்பதே தேர்ந்தோர் கொள்ளும் நெறி. வெளியே வைக்கும் படிக்கு வன்வட்டே தக்கது. திண்மநிலை வட்டு மின்சாரமின்றி நெடுங்காலம் கிடத்தற்கு ஏற்றதன்று.

விசிறியும் பெட்டியும்

விசிறியின் இயல்பில் இரண்டு உண்மைகள் அறியத்தக்கன. ஒன்று, அதன் சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும். ஆனால் இரைச்சலோ சுமார் 15 டெசிபல் தாழும். 10 டெசிபல் தாழ்ந்தாலே செவிக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும். மற்றொன்று, ஒரே வடிவமுள்ள இரு விசிறிகளுள் விட்டம் இருமடங்கானது, ஒரே சுழற்சியில் எட்டு மடங்கு காற்றைத் தள்ளும். ஆகவே, 60 மில்லிமீட்டர் விசிறி கீச்சிட்டுச் செய்யும் வேலையை 120 மில்லிமீட்டர் விசிறி மெல்லச் சுழன்றே செய்துவிடும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மிகச் சிறிய பெட்டி மிக அமைதியான பெட்டியன்று என்பதே. சிறிய பெட்டியில் சிறிய விசிறிக்கே இடமுண்டு. விசிறியே இல்லாத பெட்டிகளும் உள்ளன; அவற்றின் உலோக உடலே வெப்பத்தை வெளிவிடும். குறைந்த வாட் செயலியும் திண்மநிலை வட்டும் கொண்டார்க்கு அவை பொருந்தும். வன்வட்டு வைப்பவர், 120 மில்லிமீட்டர் விசிறிக்கு இடமளிக்கும் பெட்டியைத் தேர்தலே அறிவுடைமை.

மின்மாற்றுப் பெட்டி

பவர் சப்ளை எனப்படும் மின்மாற்றுப் பெட்டியைப் பெரிதாக வாங்குதல் பொதுவாகக் காணப்படும் பிழை. 80 பிளஸ் என்னும் தரச்சான்று பெரும்பாலும் பெட்டியின் ஆற்றலில் 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் சோதித்து வழங்கப்படுகிறது. 500 வாட் பெட்டியில் 20 வாட் மட்டும் இழுத்தால் சுமை 4 விழுக்காடே. அச்சான்று அந்நிலையைப் பற்றி ஒன்றும் கூறாது. சிறு வழங்கிக்கு, மடிக்கணினிக்கு உள்ளதுபோன்ற வெளி மின்மாற்றி போதும். அதில் விசிறியும் இல்லை. ஆனால், பெரிய வன்வட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 20 வாட்டுக்கு மேலும் இழுக்கும். ஆகவே, மின்மாற்றியின் அளவை இயங்கும் நிலைகொண்டு மட்டுமன்றி, தொடங்கும் நிலையையும் எண்ணி முடிவுசெய்தல் வேண்டும்.

வைக்கும் இடம்

சிங்கையிலும் மலேசியாவிலும் பகல் வெப்பம் 31 முதல் 33 பாகை வரை செல்வது வழக்கம். விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பொறியைக் குளிர்விக்க இயலாது. எனினும் அஞ்சவேண்டுவதில்லை. இலட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மிதமான வெப்பத்தால் வட்டுகள் மிகுதியாகப் பழுதாகவில்லை என்று கண்டனர். 40 பாகையில் வட்டு இயங்குவதைக் கண்டு விசிறியை முடுக்கிவிடுதல் வீண் ஓசையே. தாங்கக்கூடாதது மூடிய அலமாரியில் தேங்கும் வெப்பம்.

சிங்கையில் 1998 முதல் புதிய வீவக வீடுகளில் அமைக்கப்பெற்று வரும் காப்பறையில் வழங்கியை வைக்கச் சிலர் விரும்பலாம். தடித்த கற்காரைச் சுவரும் எஃகுக் கதவும் ஓசையை நன்கு மறைக்கும். ஆனால் கம்பியில்லா இணைப்பையும் அவை மறைத்துவிடும். கதவை மூடினால் காற்றோட்டமும் குன்றும். வழிச்செலுத்திக்கு அருகில், நாற்புறமும் கையகலம் இடம்விட்டு, கம்பியால் இணைத்து வைப்பதே மேல்.

தேர்வின் வரிசை

மேற்கூறியவற்றால், தேர்வுக்கு ஒரு வரிசை உண்டு என்பது விளங்கும். காக்கவேண்டியதன் அளவு முதலாவது; அதற்கேற்ற வட்டு இரண்டாவது; அவ்வட்டைத் தாங்கும் பலகையும் குறைந்த வாட் செயலியும் மூன்றாவது; வெளிவரும் வெப்பத்துக்கு ஏற்ற பெட்டியும் விசிறியும் நான்காவது; மின்மாற்றி இறுதி. அழகிய சிறு பெட்டியை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் மற்றவற்றைத் திணிப்போர், இவ்வரிசையைத் தலைகீழாக்கி ஓசைக்கு இடங்கொடுக்கின்றனர். முறைப்படி தேர்ந்த வழங்கி, தான் இருப்பதே தெரியாமல் அலமாரியின் மூலையில் இயங்கிக்கொண்டிருக்கும். அணைக்கத் தோன்றாத அப்பொறியில்தான், பாட்டனாரின் குரல் பேரப்பிள்ளைகள் கேட்கும் நாள்வரை காத்திருக்கும்.