வாயும் வாழ்வும் – 6: பல் போன இடம்

சூத்தைப் பல்லின் வலி எங்கே தொடங்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். பல்லைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கையைப் பற்றி இந்த வாரம் பேச வேண்டும்.

திருகோணமலையில் அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. குடாவும் களப்பும் ஊர்களைப் பிரித்துவைத்த மாவட்டம் இது. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியா மக்கள் 'பாதை' என்ற மிதவைக்குக் காத்துநின்றுதான் நகரத்துக்கு வந்தார்கள். மூதூர்க்காரர் லோஞ்சில் வந்தார்கள். இன்று இரண்டு ஊரிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பல் பிடுங்கக் காசு இல்லை. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். வேர் சிகிச்சை என்றால் பல தடவை அலைய வேண்டிவரும். கடலுக்குப் போகாத நாளில் உழைப்பு இல்லாதவர், "கழட்டி விடுங்கோ டொக்டர்" என்றுதான் சொல்வார். அவரில் குற்றமில்லை. ஆனால், அதற்குப் பிறகு வாய்க்குள் நடப்பதை அவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

பல்லைத் தாங்கும் எலும்பு, பல் இருக்கும்வரைதான் தன் அளவில் நிற்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி 12 மாதங்களில் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே கரைந்துவிடும். பின்னாலுள்ள பல் மெல்ல முன்னோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல், கடிக்க எதுவுமில்லாமல் வெற்றிடத்தை நோக்கி நீளும். சாய்ந்த பல்லின் இடுக்கில் மீன் தசையும் கீரை நாரும் சிக்கும். பிரஷ் அங்கே எட்டாது. முரசு வீங்கும், அடுத்த பல்லும் சூத்தையாகும். ஆள் ஒரு பக்கத்தால் மட்டும் சப்பத் தொடங்குவார். கச்சானும் கொய்யாக்காயும் சாப்பாட்டிலிருந்து விலக, பாணும் இனிப்புத் தேநீரும் கூடும். மிஞ்சிய பற்களுக்கு அதுவும் கேடு.

இப்படி முதலில் பறிபோவது பெரும்பாலும் 6 வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல். எந்தப் பாற்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் அது தானாக முளைப்பதால், விழுந்து முளைக்கும் பல் என்று பெற்றோர் கவனிக்காமல் விடுகிறார்கள். அது போனால் வேறு பல் வராது.

ஆகவே பிடுங்குவதற்கு முன்னரே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இல்லையென்றால், இடைவெளியை எப்போது, எதால் நிரப்புவது? ஞானப்பல் போன இடத்தை நிரப்பத் தேவையில்லை. மற்ற இடங்களுக்குக் கழற்றி மாட்டும் கட்டுப்பல், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பாலம், எலும்பில் பதிக்கும் பல் என வழிகள் உண்டு. எலும்பு கரைந்து பற்கள் சாய்ந்தபின் போனால் மூன்றுமே கடினமாகும், செலவும் ஏறும். மீதிப் பற்களைக் காக்கும் வேலை, ஒரு பல்லைப் பிடுங்கும் அன்றே தொடங்குகிறது.

பல் போன பெரியவர்கள் சிறு உரலில் இடித்து வெற்றிலை போடுவதை நம் வீடுகளில் காண்கிறோம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. அடுத்த வாரம் அதைப் பற்றி.

(தொடரும்)